பதினாறுக்கு மேல் ஒரு சீட்டு

இன்று காலை கைப்பையைக் கட்டில்மேல் கவிழ்த்தேன். மருந்துச் சீட்டுகள், உடைந்த சீப்பு, பாதி தேய்ந்த சந்தனவில்லை எல்லாவற்றோடும் ஒரு கறுப்புக் கோட்டுப் பொத்தான் உருண்டு வந்து தலையணை ஓரத்தில் நின்றது. நான்கு ஓட்டை, விளிம்பில் சின்னக் கீறல். தி.நகரில் எங்கள் கடையில் டஜன் டஜனாக விற்கிற சரக்குதான். ஆனால் இது நீ எனக்குக் கொடுத்தது.

பையை ஏன் கவிழ்த்தேன் என்றால், ஃபோன் வந்தது. ஆமாம், அதே ஃபோன். சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, உங்களையும் இன்னொருவரையும் கூப்பிடுகிறோம், ரத்தம் யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குத்தான், பன்னிரண்டரைக்குள் வர முடியுமா என்று கேட்டார்கள். போன தடவை இதே கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். அதற்காக ஒரு வாரம் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் இருந்தவள் நீ. இந்தத் தடவை வருகிறேன் என்று சொன்னேன். ஆஸ்பத்திரி கேட்கிற காகிதங்களைத் தேடும்போதுதான் பொத்தான் கிடைத்தது.

இப்போது ஆஸ்பத்திரியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ரத்தம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முடிவு வர நாலைந்து மணி நேரம் ஆகுமாம். என் வீட்டுக்காரர் அடிக்கடி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார். எனக்குத் தண்ணீருக்கு அளவு என்பதால் என் முன்னால் குடிக்க மாட்டார், மூன்று வருஷமாக இப்படித்தான். எனக்கு உன்னோடு பேச வேண்டும். பையில் கடையின் பில் புக் ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

ஆழ்வார்பேட்டை டயாலிசிஸ் சென்டரில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. முதல் இரண்டு மாதம் நீ என்னோடு பேசவே இல்லை. மூஞ்சியைப் பார், பெரிய மயிலாப்பூர் மகாராணி என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஒருநாள் என் ஃபோனில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது நீயே திரும்பினாய்.

"அந்த மாமியார் ரெண்டு மாசமா அழுதுண்டே இருக்காளே, அலுக்கலையா? அதை அணைச்சிட்டு வா, சீட்டாடலாம்."

"ரம்மியா? எங்க ஊர்க் கல்யாணத்துல வந்து கேட்டுப் பாரு. என் முன்னாடி உக்கார ஆம்பளைங்களே யோசிப்பாங்க."

"ரம்மி இல்லை. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பிளாக்ஜாக்."

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்குப் பதில் அடுத்த வாரம்தான் வந்தது, அதுவும் ரகசியக் குரலில். பதினோரு வருஷம் நீ உல்லாசக் கப்பலில் வேலை பார்த்தாய். கப்பல் சூதாட்டக் கூடத்தில் மேஜைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போடுகிற டீலர். வீட்டில் சொன்னதோ வேறு.

"ஆத்துல எல்லாருக்கும் நான் ரிசப்ஷன்ல இருந்தேன். சீட்டுப் போட்டேன்னு தெரிஞ்சா அண்ணா தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு வந்து உக்காந்து அழுவார்."

நமக்கு ஆளுக்கு ஒரு கைதான் இருந்தது. உனக்கு இடது கையில் ஊசி. எனக்கு இடது கை ரத்தக்குழாய் கெட்டுப்போய் வலது கையில் ஊசி. உன் வலது பக்கம் நான் இருந்ததால் உன் வலது கையும் என் இடது கையும் நடுவிலிருந்த சின்ன மேஜைக்கு எட்டின. பாதிக் கட்டு உன் கையில், பாதிக் கட்டு என் கையில், இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று தள்ளிக் கலைப்போம். முதல் நாள் கட்டு முழுவதும் தரையில் கொட்டியது. வடபழனியிலிருந்து வருகிற நர்ஸ் சிஸ்டர் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா, கையில ஊசி கீது, நீங்க இங்க கிளப்பு நடத்திகினு இருக்கீங்களா? டாக்டர் பாத்தா என்னிய தொலைச்சிடுவாரு."

அதே சிஸ்டர்தான் அடுத்த வாரம் மேஜையில் விரிக்கப் பச்சைத் துணி ஒன்று கொண்டுவந்தார். பந்தயத்துக்கு நான் கடையிலிருந்து கோட்டுப் பொத்தான் கொண்டுவந்தேன். கறுப்பு, வெள்ளை, பழுப்பு, ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வசதியாக. அவற்றை ஐந்து ஐந்தாக நீ அடுக்கின வேகத்தைப் பார்த்துத்தான் நீ கப்பல் கதை விடவில்லை என்று நம்பினேன்.

என் முதல் ஆட்டம் ஞாபகமிருக்கிறதா? நான் மறக்கவே போவதில்லை. சீட்டு வருவதற்கு முன்பே பந்தயம் வைக்க வேண்டும் என்றாய். துணியில் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் ஒரு பொத்தான் வைத்தேன். எனக்கு ஒரு சீட்டு, உனக்கு ஒன்று, மறுபடி எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. என்னுடைய இரண்டும் திறந்து கிடந்தன. உன்னுடையதில் ஒன்று திறந்தும் ஒன்று கவிழ்ந்தும். நான் சட்டென்று என் இரண்டையும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ரம்மிப் பழக்கம்.

"கீழ வை. இங்க ஒளிக்க ஒண்ணுமில்லை. நான்தான் ஏற்கெனவே பாத்துட்டேனே."

வைத்தேன். கிளாவர் ராணி, கிளாவர் ஜாக்கி. எனக்கோ உடம்பெல்லாம் பூரிப்பு. ஒரே ஜாதியில் அடுத்தடுத்த சீட்டு, இன்னொன்று வந்தால் ரம்மிக்கு வேண்டிய லைஃப் வரிசை ஆகிவிடும். சீட்டு கொடு என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். நிச்சயமா என்றாய். கொடு என்று அதட்டினேன். வந்தது பார், கிளாவர் ராஜாவே வந்தது! "டிக்ளேர்!" என்று ரம்மியில் ஜெயித்தவள் மாதிரி கத்தினேன். சிஸ்டர் மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று பதறி ஓடிவந்தார்.

நீ பொத்தானை அமைதியாக எடுத்துக்கொண்டாய். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். "பதினோரு வருஷத்துல, இருபதை வெச்சிண்டு இன்னொரு சீட்டு கேட்டவளைப் பாத்ததே இல்லைடீ."

அதற்கப்புறம்தான் ஒழுங்காகச் சொல்லித் தந்தாய். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் பத்து. ஆஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று, எது சௌகரியமோ அது. மற்றதெல்லாம் முகத்தில் இருக்கிற எண்தான். ஜாதி, வரிசை எதற்கும் இங்கே மதிப்பில்லை. இருபத்தொன்றைத் தாண்டாமல் டீலரைவிடக் கூட இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். முதல் இரண்டு சீட்டே ஆஸும் பத்துமாக அமைந்தால் அதற்குப் பேர்தான் பிளாக்ஜாக், இரண்டு பொத்தான் வைத்தவருக்கு மூன்று பொத்தான் பரிசு. சமமாக வந்தால் அவரவர் பொத்தான் அவரவருக்கு. எதிரில் டீலருக்கு ஐந்து, ஆறு என்று மட்டமான சீட்டு தெரிந்து என் கையில் பதினொன்று இருந்தால் பந்தயத்தை இரட்டிக்கலாம், ஆனால் ஒரே ஒரு சீட்டுதான் கிடைக்கும்.

சீட்டு வேண்டுமென்று வாயால் கேட்டால் உனக்குப் பிடிக்காது. "வாயால சொன்னா செல்லாது. மேல காமிரா இருக்கும், அதுக்குக் காது கிடையாது. கையால காட்டணும்." வேண்டுமென்றால் மேஜையில் விரலால் ஒரு தட்டு. போதுமென்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து ஓர் அசைவு. நம் தலைக்கு மேல் இருந்தது கிறீச்சிடுகிற ஃபேன்தான். ஆனாலும் நான் தட்டாமல் நீ ஒரு சீட்டும் போட்டதில்லை.

எனக்கு ஆறாத ஒன்று இருந்தது. முதலில் ஆடுவது நான். இருபத்தொன்றைத் தாண்டிவிட்டால் அங்கேயே என் கதை முடிந்தது, பொத்தான் போனது போனதுதான். ஒருநாள் நான் அப்படித் தோற்றதும் பிடிவாதம் பிடித்து உன் கவிழ்ந்த சீட்டைத் திருப்பவைத்தேன், மேற்கொண்டு எடுக்கவும் வைத்தேன். நீயும் இருபத்தைந்து! என் பொத்தானைக் கொடு என்று சண்டைக்கு வந்தேன்.

"கிடையாது. நீதானே முதல்ல விழுந்தே? அந்த முதல்லங்கறதுலதான் எங்க கடையே ஓடறது."

நானும் கடைக்காரிதான். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உன் முறையில் நீ யோசிப்பதே இல்லை என்பதையும் கொஞ்ச நாளில் கவனித்தேன். கவிழ்ந்த சீட்டைத் திருப்புவாய். கூட்டினால் பதினாறோ அதற்குக் கீழோ என்றால் எடுப்பாய். பதினேழு வந்துவிட்டால் நிறுத்துவாய். நான் பதினெட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்தாலும் உன் பதினேழுக்கு மேல் ஒரு சீட்டு எடுக்க உனக்கு உரிமை கிடையாது. இது என்ன ஆட்டம், மெஷின் மாதிரி என்றேன். "ஆடறது நீ. நான் ரூல் சொல்றதைப் பண்றேன், அவ்வளவுதான். அதான் எனக்குப் பிடிக்கும்" என்றாய். அன்று அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு முதல் ஃபோன் வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம். கடையில் கால் வைக்க இடமில்லை. லைனிங் துணி கேட்டு ஒரு பக்கம், ஜிப் கேட்டு ஒரு பக்கம் கூட்டம். மகளுக்குப் பரீட்சை, சீசன் நேரம், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பரீட்சை இரண்டு மாதம் கழித்துத்தான். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. "மனசு இல்லன்னா விட்டுரு. நீ சொல்லுததுதான்" என்று மட்டும் சொன்னார். பயந்தேன். நானே சரியென்று சொல்லி, அறுத்து, அது வேலை செய்யாமல் போய்விட்டால்? டயாலிசிஸ் என்றால் தெரிந்த கஷ்டம். நாற்காலி இருக்கிறது, நீ இருக்கிறாய், சிஸ்டர் இருக்கிறார். இப்படியே ஓடட்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை உன்னிடம் சொன்னேன். ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னேன். நீ சீட்டுக்கட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாய். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஜன்னல் பக்கம் திரும்பியே படுத்திருந்தாய். எனக்கும் கோபம். உனக்கென்ன வந்தது, என் உடம்பு என் இஷ்டம் என்று நானும் சீரியலைச் சத்தமாக வைத்தேன்.

அடுத்த செவ்வாய் நீ கட்டை எடுத்தாய். ஆனால் கலைக்கவில்லை. தேடித் தேடி நாலு சீட்டை எடுத்து வைத்தாய். என் முன்னால் ஒரு பத்து, ஒரு ஆறு. உன் முன்னால் திறந்தபடி ஒரு ராஜா, பக்கத்தில் கவிழ்ந்த ஒன்று.

"என்ன பண்ணுவே?"

போதும் என்று உள்ளங்கையை அசைத்தேன். பதினாறுக்கு மேல் எடுத்தால் ஆறோ அதற்கு மேலோ வந்து விழுந்துவிடுவேனே.

"பதினோரு வருஷம் இந்தக் கையை நான் பாத்திருக்கேன். பத்துப் பேர்ல எட்டுப் பேர் உன்னாட்டம் கையைக் கட்டிண்டு உக்காந்திருப்பா. ஏன் தெரியுமா? தானே தட்டி, தானே விழுந்தா அவமானம். உக்காந்துண்டே தோத்தா டீலர் மேல பழி போடலாம். இந்தக் கை ரெண்டு வழியிலயும் தோக்கற கைதான். நான் பொய் சொல்லலை. ஆனா எடுத்தா ஒரு நூலிழை தேவலை. இங்க அந்த நூலிழைதான்டீ இருக்கு, வேற ஒண்ணும் இல்லை."

நான் என் பத்தையும் ஆறையும் கவிழ்த்து வைத்தேன்.

"இருபதுல சீட்டு கேட்டவ நீ. பதினாறுல பயப்படறே."

"உனக்கு ஃபோன் வந்தா நீ உடனே போயிடுவியா? சொல்லு பாப்போம்" என்று சீறினேன்.

"எனக்கு வராது" என்றாய். உன் இதயம் ஆபரேஷனைத் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லி, உன் பெயரைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் சொன்னாய். ஒன்றரை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியவில்லை. "எனக்குச் சீட்டு வர வழிப்படி போயிண்டிருக்கேன். நான் டீலர். நீ ஆடறவ. உனக்குத் தட்டறதுக்கு ஒரு விரல் இருக்கு, அதை வெச்சிண்டு சும்மா உக்காந்திருந்தா எனக்கு வயிறு எரியாதா?"

வயிறு எரிகிறது என்று நீ சொன்னது பேச்சுக்கு இல்லை. உன் கண்ணில் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்குப் பரீட்சை என்று உன்னிடமும் அதே பொய்யைச் சொல்லியிருந்தேனே, அது நெஞ்சில் குத்தியது. பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று அன்று மத்தியானமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். வியாழக்கிழமை உன்னிடம் சொன்னபோது நீ தலையைக்கூட ஆட்டவில்லை. "ம், பந்தயம் வை" என்றாய்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் ஆடினோம். கடைசி வியாழக்கிழமை கடைசி ஆட்டத்தில் எனக்கு ஆஸும் ராஜாவும் சேர்ந்து வந்தன. இரண்டு பொத்தான் வைத்திருந்தேன். மூன்று கொடுத்தாய், இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு; இன்று பையிலிருந்து உருண்டு வந்தது அந்தக் கறுப்புதான். ஊசிகளை எடுத்துக் கட்டுப் போட்டதும் எழுந்தாய், வழக்கம்போல இரண்டு கையையும் ஒன்றோடொன்று தட்டி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாய். மேஜையை விட்டுப் போகிற டீலர் எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்ட வேண்டுமாம். ஒவ்வொரு நாளும் அதைச் செய்வாய், நானும் ஒவ்வொரு நாளும் சிரிப்பேன். அன்றும் சிரித்தேன்.

சனிக்கிழமை உன் நாற்காலியில் மடிப்புக் கலையாத விரிப்பு போட்டிருந்தது. சிஸ்டர் வந்து என் தோளைப் பிடித்தார். "அக்கா, நேத்து காலீல வூட்லயே... ஹார்ட்டுதான். நீ அழுவாத, பிரஷர் இறங்கிடும். நான் இங்கயேதான் கீறேன்." அன்று நாலு மணி நேரமும் அவர் என் பக்கத்திலேயே நின்றார். மற்ற நாற்காலிக்காரர்களும் தங்களைக் கவனிக்கவில்லை என்று குறை சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மயிலாப்பூரில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அண்ணா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே என் பெயர் எழுதியிருந்தாயாம். உள்ளே சீட்டுக்கட்டு.

"நீங்க ரெண்டு பேரும் ஆடுவேளோ?"

"ரம்மிங்க. சும்மா பொழுது போக."

"கப்பல்ல ரொம்ப மரியாதையான வேலை அவளுக்கு" என்றார் அவர்.

"ஆமாங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இவங்க முன்னாடி வந்து உக்காந்து, இவங்க கையையே பாத்துக்கிட்டு இருப்பாங்களாம்" என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை பார். தெருவுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் வந்துவிட்டுப் போனார். ரத்தம் எனக்குத்தான் பொருந்துகிறதாம். உடனே இன்னொன்றும் சொன்னார். கொடுத்தவர் வயதானவர். நன்றாக வேலை செய்யலாம், சில வாரம் மக்கர் செய்துவிட்டு அப்புறம் செய்யலாம், செய்யாமலும் போகலாம். வேண்டாமென்றால் நீங்கள் காத்திருக்கலாம், பட்டியலில் உங்கள் இடம் அப்படியே இருக்கும், கால் மணி நேரத்தில் சொல்லுங்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். பயமாக இல்லை என்று உனக்கு எழுதினால் நீ நம்ப மாட்டாய். காலையில் ஃபோனில் வருகிறேன் என்று சொன்னது வாயால் சொன்னதுதானே, அது செல்லாது. எதிரில் ராஜா திறந்து கிடக்கிறது, என் கையில் பதினாறு. ஆனால் உட்கார்ந்திருப்பதும் தோற்பதில் ஒரு வகைதான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நீ சொல்லித் தந்த ஆட்டத்தில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான். தோற்றால் என் கையால் தோற்கிறேன். யார்மேலும் பழி போட மாட்டேன்.

கால் மணி நேரம் எனக்குத் தேவைப்படவில்லை. டாக்டர் மறுபடி வந்து நின்றதும் இடது கை ஆள்காட்டி விரலால் மேஜையில் ஒரு தட்டு தட்டினேன். அவருக்குப் புரியவில்லை. "அவ சரின்னு சொல்லுதா" என்றார் என் வீட்டுக்காரர். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, வீட்டில் இட்லி இன்னொன்று வேண்டுமென்றாலும் இரண்டு வருஷமாக நான் அப்படித்தான் தட்டுகிறேனாம். உன் காமிராவுக்கு வாய் செல்லாது. இங்கே விரல் செல்லாதாம், கையெழுத்து வேண்டுமாம். நாலு இடத்தில் போட்டுவிட்டேன்.

வளையல், கம்மல், தாலி எல்லாவற்றையும் கழற்றி அவரிடம் கொடுத்தாயிற்று. கறுப்புப் பொத்தானையும் கொடுத்தேன். பத்திரம், எனக்குத் திரும்பி வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் கையைக் காட்டச் சொன்னபோது, என்னை அறியாமலே இரண்டு கையையும் தட்டி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. பில் புக்கை மூட வேண்டும். தட்டிவிட்டேன், நீயும் பார்த்தாய்.

போடுடி சீட்டை.